பத்துப் பட்டன்

எதிர்வீட்டு டெய்லர் தம்பி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே நாலு வயதுப் பையன், அக்காவின் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி. பிளஸ் டூ ரிசல்ட் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நீங்களே இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்," என்றார். "பி.காம். சேருன்னா மாட்டேங்கறா. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கற படிப்புத்தான் வேணுமாம். அதுல படிக்கறதுக்கு என்னங்க இருக்குது? எங்கம்மா ஆறு பிள்ளை வளர்த்தாங்க. எந்தக் காலேஜுக்குப் போனாங்க?"

கல்லூரியில் முப்பது ஆண்டு குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்தியவள் நான். அட்மிஷன் சமயத்தில் ஆண்டுக்கு ஒரு தகப்பனாராவது இதைக் கேட்காமல் இருந்ததில்லை. நியாயமான கேள்விதான். மகளின் மூன்று வருடத்தையும் தன் கைக்காசையும் போடப்போகிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? பதில் கொஞ்சம் நீளம். அதனால் இஞ்சி தட்டிப் போட்டு, பால் கூடுதலாக ஊற்றி டீ வைத்தேன்.

பையனுக்கு டம்ளரில் பால். சூடாக இருந்ததால் டபராவில் ஊற்றிக் கொடுத்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "கம்மியாயிருச்சு," என்றான். திரும்ப டம்ளருக்கே மாற்றினேன். "இப்ப நிறைய." அப்பா சிரித்தார். "சிரிக்காதீங்க தம்பி," என்றேன். "உங்க கேள்விக்குப் பதில் அங்கதான் ஆரம்பிக்குது."

பையன் பொய் சொல்லவில்லை, முட்டாளும் இல்லை. அவன் பார்ப்பது பாலின் உயரத்தை. டம்ளரில் அது ஏறி நிற்கிறது, டபராவில் படுத்துக்கிடக்கிறது. உயரம் குறைந்த அளவுக்கு அகலம் கூடியிருக்கிறது என்று இரண்டையும் சேர்த்து எடைபோட அவன் மனத்துக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே 1920 வாக்கில் பாரிஸில் குழந்தைகளுக்கான தேர்வுத்தாள் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவர் கவனம் போனதோ தப்பு விடைகள் பக்கம். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியான தப்பைச் செய்கிறார்கள், அந்தத் தப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று கண்டார். பிறகு தன் மூன்று குழந்தைகளையும் தொட்டிலிலிருந்தே பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தார். எங்கள் படிப்பின் கடைக்காலில் பாதி அந்தக் குறிப்புகள்.

தம்பியின் சட்டைப்பையில் எப்போதும் பட்டன் கிடக்கும். பத்து வாங்கி, டீப்பாய் மேல் ஐந்தைந்தாக இரண்டு வரிசை வைத்தேன், ஒன்றுக்கு நேரே ஒன்று. "ரெண்டும் ஒரே அளவா கண்ணு, இல்ல எதுலயாவது நிறையவா?" பையன் பார்த்தான். "ஒரே அளவு." பிறகு கீழ்வரிசையை நானே அகலமாகப் பரப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். "இதுல நிறைய," என்று நீண்ட வரிசையைத் தொட்டான்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவன் இருபது வரைக்கும் எண்ணுவானுங்களே!" எண்ணுவான்தான். ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்வது நாக்கின் வேலை. ஐந்து என்றால் பரப்பினாலும் குவித்தாலும் ஐந்துதான் என்று அறிவது வேறு வேலை. முதலாவது வந்துவிட்டாலே இரண்டாவதும் வந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அதன்மேல் கூட்டல் கணக்கை ஏற்றுகிறோம். அது நிற்காமல் சரியும்போது பிள்ளைக்குக் கணக்கு வராது என்கிறோம்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். 1970களில் எடின்பரோவில் உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடன் ஆய்வு செய்த மக்கேரிகிளும் ஒன்றை யோசித்தார்கள். ஒரு பெரியவர் ஒரு கேள்வி கேட்கிறார், பிள்ளை பதில் சொல்கிறது. பெரியவர் வேண்டுமென்றே வரிசையைக் கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார். முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது, மாற்றிச் சொல்லச் சொல்கிறார் என்று பிள்ளை நினைக்கலாம் அல்லவா? அதனால் அவர்கள் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். கரடி ஓடிவந்து வரிசையைக் குலைத்துவிடும், பெரியவர் ஒன்றும் செய்யமாட்டார். பெரியவரே கலைத்துவிட்டுக் கேட்டபோது ஆறில் ஒரு பங்குக் குழந்தைகள்தான் சரியாகச் சொன்னார்கள். கரடி குலைத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். கரடி பிள்ளைகளின் கவனத்தையே திருப்பிவிட்டது, அதனால் கிடைத்த விடை அது என்று பிறகு வாதிட்டவர்களும் உண்டு. எப்படியானாலும் கேட்கும் விதம் பதிலை மாற்றும் என்பதை அதற்குப்பின் யாரும் மறக்கவில்லை.

என் அலமாரியில் கரடி இல்லை. வகுப்புக்குத் தைத்த துணி யானை ஒன்று உண்டு, ஒரு கண் விழுந்துபோனது. அதை எடுத்து மகளிடம் கொடுத்தேன். பட்டன்களைப் பழையபடி அடுக்கி, பையன் "ஒரே அளவு" என்று சொன்ன பிறகு, யானை அவள் கையிலிருந்து குதித்து வந்து ஒரு வரிசையைத் தள்ளிவிட்டது. பையன் யானையை ஓர் அதட்டுப் போட்டான். "இப்ப எப்படி இருக்குது?" என்று அக்கா கேட்டாள். "யானை தள்ளிருச்சு. அவ்வளவுதான் இருக்குது," என்றான்.

ஒரு பையன் ஒருநாள் சொன்னதை வைத்து எதையும் நிறுவ முடியாது. அடுத்த ஞாயிறு கேட்டால் மாற்றிச் சொல்லலாம். ஆனாலும் தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா ஆறு பிள்ளைகளை வளர்த்தார்கள், அது பெரிய காரியம், அதில் பாதி நானும் செய்யமாட்டேன் என்றேன். ஆனால் அவர் வளர்த்த ஆறும் அவர் பிள்ளைகள். ஒவ்வொன்றும் எதற்கு அழும், எதற்குச் சிரிக்கும் என்று பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும். பால்வாடி டீச்சர் முன்னால் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் முன்பின் பார்த்திராத இருபது பிள்ளைகள் வந்து நிற்கும். இருபதும் இருபது வீட்டுப் பழக்கத்தோடு. அதைச் சமாளிக்கத் தாயன்பு மட்டும் போதாது.

"அப்ப என்னதானுங்க சொல்லித் தருவீங்க?"

"மொதல்ல, பார்க்கச் சொல்லித் தருவோம்."

நான் மாணவியாக இருந்தபோது நடந்ததை அவருக்குச் சொன்னேன். எங்கள் துறையோடு சேர்ந்தே ஒரு சிறுபிள்ளைப் பள்ளி இருந்தது. வாரத்தில் இரண்டு நாள், வகுப்பு ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்து எழுத வேண்டும். பேசக்கூடாது, உதவப் போகக்கூடாது. எனக்கு வாய்த்தது மூன்று வயதுப் பையன் ஒருவன். முதல்நாள் எழுதினேன்: "பிடிவாதக்காரன். அழுமூஞ்சி. யாரோடும் சேரமாட்டான்." எங்கள் பேராசிரியர் அம்மா மூன்று வாக்கியத்தையும் சிவப்பு மையால் அடித்தார். "இதெல்லாம் உன் தீர்ப்பு. நான் கேட்டது நீ கண்டதை," என்றார்.

மறுவாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். 9.40: வாசல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். 9.46: ஆயா மாவுருண்டை கொடுத்தார், வாங்கவில்லை. 9.52: தெருவில் சைக்கிள் மணி, தலையைத் திருப்பினான், எட்டிப் பார்த்தான், அழுதான். அதற்கடுத்த நாளும் சைக்கிள் மணிக்கு ஓர் அழுகை. நான்காம் முறைதான் எனக்கு உறைத்தது. அவனைக் கொண்டுவந்து விடுகிறவர் தாத்தா, சைக்கிளில். ஒவ்வொரு மணி ஓசையும் அவனுக்குத் தாத்தா திரும்பி வருகிற ஓசை. ஒவ்வொரு முறையும் அவர் வரவில்லை.

பிடிவாதத்துக்கு மருந்து கிடையாது. இதற்கு இருந்தது. மூன்று வயதுக்குப் பன்னிரண்டு மணிக்குத் தாத்தா வருவார் என்றால் ஒன்றும் புரியாது, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது புரியும். பாட்டு முடியும், மணலில் விளையாடுவோம், சாப்பிடுவோம், கை கழுவுவோம், அப்புறம் தாத்தா. இதைப் படமாக வரைந்து அவன் உயரத்துக்குச் சுவரில் ஒட்டினோம். தாத்தாவையும், போகும்போது சொல்லாமல் நழுவாமல் சொல்லிவிட்டுப் போகச் சொன்னோம். இரண்டு வாரத்தில் அவன் கம்பியை விட்டுவிட்டு அந்தப் படங்களுக்கு எதிரே வந்து நின்றான். பேராசிரியர் அம்மா அந்தச் சிவப்புக் கோட்டைப் போடாமல் இருந்திருந்தால் நான் அவனை அழுமூஞ்சி என்றே எழுதி மார்க் வாங்கியிருப்பேன்.

"நீங்க அளவெடுக்காம துணியை வெட்டுவீங்களா?" என்று கேட்டேன். தம்பி தலையை ஆட்டினார்.

கொஞ்சநேரம் கழித்து அவரே இன்னொன்றை எடுத்தார். பையன் போகிற நர்சரியில் எல்.கே.ஜி.யிலேயே ஏ முதல் இசட் வரை எழுத வைக்கிறார்கள் என்றார். குரலில் பெருமை இருந்தது. இந்த இடத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தாகக் கிடக்கின்றன. ஒன்றொன்றாக வருடக்கணக்கில் இறுகுகின்றன, கடைசி எலும்பு தலைகாட்டப் பத்து வயது ஆகிவிடும். விரல்களை நடத்தும் சிறு தசைகளும் அப்படித்தான் பையப் பையப் பழகுகின்றன. மூன்று வயதுப் பிள்ளை கிரேயானை முஷ்டியாகப் பிடிக்கும், தோளிலிருந்து கையை அசைத்துக் கிறுக்கும். அசைவு தோளிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து மணிக்கட்டுக்கும், கடைசியில் மூன்று விரல் நுனிக்கும் இறங்கி வர வேண்டும். நான்கு கோடு நோட்டில் எழுத்தை அடைக்கச் சொல்வது அந்தக் கடைசிப் படியில் நின்று செய்கிற வேலை. முதல் படியில் இருக்கிற பிள்ளையை அதற்குள் தள்ளினால் அது எழுதும்தான். கை வலிக்க வலிக்க, பென்சிலை அழுத்தித் தாள் கிழிய எழுதும். எழுத்து என்றாலே வலி என்றும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும்.

அதற்காகச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. சப்பாத்தி மாவில் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், கீரை கிள்ளட்டும், கோலப்பொடியை எடுத்துப் புள்ளி வைத்துப் பார்க்கட்டும். உங்கள் கடையில் விழுகிற வெட்டுத்துணியை ரகம் வாரியாகப் பிரிக்கட்டும். அத்தனையும் எழுத்துக்கு முந்திய எழுத்துத்தான். கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க இதற்கே போகும். எந்த வயதில் கை எதைச் செய்யும், செய்ய முடியாத பிள்ளையை எப்போது டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும், அதைத் தாய் பயந்துபோகாமல் எப்படிச் சொல்வது என்றெல்லாம். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் கடினம். முப்பது ஆண்டுக்குப் பிறகும் எனக்கு அது எளிதாகவில்லை.

மகள் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது மெதுவாக, "எனக்குப் பாட வராதுங்களே டீச்சர்," என்றாள். பாட்டுக் கச்சேரியா செய்யப்போகிறாய் கண்ணு? பிள்ளைகளுக்கு உன் சுருதி வேண்டாம், தாளம் வேண்டும். தக்காளி என்று சொல்லிக் கை தட்டச் சொன்னேன். தக், கா, ளி: மூன்று தட்டு. முருங்கைக்காய்க்கு நான்கு. பையனும் சேர்ந்துகொண்டான். ஒரு சொல்லைக் காது துண்டு துண்டாகப் பிரிக்கக் கற்றால்தான் பின்னால் கண் அதை எழுத்து எழுத்தாகப் படிக்கும். க, கா, கி என்று ஓசையை மொத்தம் மொத்தமாகவே எழுதுகிற நம் மொழிக்கு இந்தத் தட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து ஒவ்வொரு விரலாக மடக்கிச் சோறு ஊட்டுகிற விளையாட்டை உங்கள் பாட்டி ஆடியிருப்பார். தாளம், எண்ணிக்கை, உறவுப்பெயர், கடைசியில் கிச்சுகிச்சு எல்லாம் அதில் இருக்கிறது. பாட்டிகளுக்குத் தெரிந்ததை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எதையோ கற்பிக்கும் படிப்பு இது என்று எண்ணிவிடாதே. பாட்டி ஏன் சரியாகச் செய்தார் என்பதையும் இதில் படிப்பாய்.

நம் ஊருக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்கு வந்தார், பிரம்மஞான சபையின் அழைப்பில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க. அப்போது அவருக்கு 69 வயது. சில மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். இத்தாலியும் போரில் இறங்கி எதிரி நாடாகிவிட்டது, 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று. கொடைக்கானலில் இருந்த காலத்தில் வேறுவேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பதை அவர் அருகிலிருந்து பார்த்தார். அதற்கு முன்பே குஜராத்தில் கிஜுபாய் பதேகா வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கியிருந்தார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் பிறகு மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்ற ஊருக்குப் போய், ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்றார். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல் அப்படி வந்தது. விலையுயர்ந்த மாண்டிசோரிச் சாதனங்களுக்குப் பதிலாக அங்கே கூழாங்கல்லும் சிப்பியும் இலையும் வைத்துப் பாடம் நடந்தது.

அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும். தம்பி அதைக் கேட்கத் தயங்கினார், நானே எடுத்தேன். வேலை, சம்பளம்.

இதில் இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி இந்த நாட்டில் அடிப்படை உரிமை. 2002இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதைக் கொண்டுவந்தபோது ஆறு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு, அரசு தர முயல வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள். உரிமை இல்லாத இடத்தில் கண்டிப்பும் இல்லை. எத்தனையோ தனியார் நர்சரிகளில் படித்தவர், படிக்காதவர் என்று பார்க்காமல், குறைந்த சம்பளத்துக்கு யார் வருகிறாரோ அவரை வைத்துக்கொள்கிறார்கள். அரசின் அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. இத்தனை வருடம் கழித்தும் அங்கன்வாடிப் பணியாளருக்குத் தருவதை மத்திய அரசு சம்பளம் என்று சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022இல்தான். மூன்றிலிருந்து ஆறு வயது வரை இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் என்று மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. அதற்கு மேல் நெருக்கியடித்து நடக்கும் வகுப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் எனக்குக் கோபம் தருகிற விஷயங்கள். அவளும் தெரிந்துகொண்டு வரட்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. ஹோம் சயின்ஸில் மனித வளர்ச்சி அல்லது குழந்தை வளர்ச்சி எடுத்துப் பட்டம் வாங்கலாம். கோவையில் அவினாசிலிங்கம் 1957இல் பெண்களுக்கான ஹோம் சயின்ஸ் கல்லூரியாகவே தொடங்கியது. பிளஸ் டூவில் ஐம்பது சதவீதம் இருந்தால், ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற இரண்டு வருட டிப்ளமோ உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோவில் ஒரு வருட டிப்ளமோ உண்டு. மூன்று மாதத்தில் சர்டிபிகேட் என்று பேனர் கட்டுகிறவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் அங்கீகாரம் கொடுத்தது? பிள்ளைகள் உள்ள வகுப்பில் எத்தனை நாள் உட்கார வைப்பீர்கள்? இரண்டாவதற்குப் பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் இந்தப் படிப்பு கிடையாது.

படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். என் மாணவிகளில் சிலர் நல்ல பள்ளிகளில் இருக்கிறார்கள், சிலர் மருத்துவமனைகளில் வளர்ச்சி தாமதமான குழந்தைகளோடு வேலை செய்கிறார்கள், ஒருத்தி பெரிய ஆலை ஒன்றின் குழந்தைக் காப்பகத்தை நடத்துகிறாள், ஒருத்தி மேலே படித்து என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சிலர் வேலையை விட்டார்கள், சம்பளம் கட்டுப்படியாகாமல்தான். தம்பி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பி.காம். பாரத்தையும் வாங்கி வைத்திருக்கிறோம், ரெண்டு நாள் யோசிக்கட்டும் என்றார். அதுவே எனக்குப் போதும் என்று தோன்றியது.

அதற்குள் மகளிடம் பழைய ஒரு கோடு நோட்டு ஒன்றைக் கொடுத்திருந்தேன். உன் தம்பியைப் பத்து நிமிடம் பார்த்து எழுது, கண்டதை மட்டும் என்று சொல்லியிருந்தேன். கிளம்பும்போது அப்பா பட்டன்களை எண்ணிச் சட்டைப்பையில் போட்டார். ஒன்பதுதான் இருந்தது. "டேய், இன்னொண்ணு எங்கடா?"

மகளின் நோட்டை எட்டிப் பார்த்தேன். முதல் வரியில் "பட்டனைத் திருடிட்டான்" என்று எழுதி அவளே அடித்திருந்தாள். அதன்கீழே: "6.20. வலது கையை மூடியிருக்கிறான். 6.22. யானையைத் தூக்கி மடியில் வைத்தான். 6.23. பட்டனை யானை முகத்தில் வைத்து அழுத்துகிறான். விழுகிறது. திரும்ப அழுத்துகிறான்."

கண் விழுந்துபோன பக்கத்தில்தான் அழுத்திக்கொண்டிருந்தான். தம்பி மகனையும் யானையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பவும் உட்கார்ந்தார்.

"ஊசி நூல் இருக்குதுங்களா டீச்சர்?"